அரசாங்கக் கொள்முதலும் உலக வாணிகச் சட்டமும்

வரி வாங்கும் அரசாங்கத்தை நாம் எல்லாரும் அறிவோம். பொருள் வாங்கும் அரசாங்கத்தை அவ்வளவாக அறியோம். ஆயினும் ஒரு நாட்டில் அரசாங்கத்தினும் பெரிய வாடிக்கைக்காரர் பெரும்பாலும் இருப்பதில்லை. ரயில் பெட்டி, தடுப்பூசி, படைவீரரின் காலணி, பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி என்று அது வாங்காத பொருளே அரிது. அவ்வாறு வாங்கும்பொழுது, ‘என் நாட்டில் செய்த பொருளையே வாங்குவேன்’ என்று ஓர் அரசாங்கம் சொல்லலாமா? புதிய தொழிலைக் கற்றுவரும் தன் மக்களைக் கைதூக்கிவிட அந்தக் கொள்முதலைக் கருவியாகக் கொள்ளலாமா? கொண்டால், பிற நாடுகள் வழக்குத் தொடுக்க இடமுண்டா? இவற்றைக் குறித்தே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நான் பொருளாதார நிபுணன் அல்லேன், வழக்கறிஞனும் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். கடினமான பாடத்தை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குவது எங்கள் பயிற்சிக் கல்லூரியில் கற்ற பழக்கம். ஆதலின், இந்தியா தோற்றுப்போன ஒரு வழக்கையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கிற்குப் போகுமுன் சிறிது அடிப்படை வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடுகிறவர் மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி பெற்று, குறைந்த விலை குறித்தவரிடம் வாங்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அது நல்ல விதியே. மைத்துனன் கடையில் வாங்க நினைக்கும் தலைமையாசிரியரிடமிருந்து பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதே விதி புதுமைக்குப் பகையாகவும் நிற்கிறது. ஒரு முறை எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திற்குப் பௌதிகத் தராசுகள் சில தேவைப்பட்டன. உள்ளூரில் சிறு பட்டறை வைத்திருந்த இளைஞர் ஒருவர், தாமே செய்த தராசு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அறிவியல் ஆசிரியரும் நானும் ஒரு மாலை முழுவதும் அதைச் சோதித்துப் பார்த்தோம், குறை சொல்ல இடமில்லை, விலையும் குறைவு. ஆனால் மேலலுவலகத்திலிருந்து வந்த படிவத்தில், மூன்று ஆண்டுகள் அரசு நிறுவனங்களுக்கு விற்ற சான்று கேட்டிருந்தது. முதல் முறை விற்க வந்தவர் முன்பு விற்றதற்குச் சான்று எங்கே போவார்? தராசு திரும்பிப் போயிற்று.

புதிய பொருளுக்கு எப்பொழுதும் இந்த இடர்ப்பாடுதான். வாங்குவோர் இல்லாமையால் விலை இறங்குவதில்லை. விலை இறங்காமையால் வாங்குவோர் வருவதில்லை. இந்த முடிச்சை முதலில் அவிழ்க்கக்கூடியவர், நஷ்டத்தைத் தாங்கவல்ல பெரிய வாடிக்கைக்காரரே. அமெரிக்காவில் சிலிக்கன் சில்லு வளர்ந்த கதை இதற்குத் தக்க சான்று. இன்று கைப்பேசியில் தொடங்கி மின்விசிறி வரை புகுந்துவிட்ட அந்தச் சில்லை 1962-இல் வாங்கியவர் அந்நாட்டு அரசாங்கம் ஒன்றே எனலாம். ஏவுகணைகளுக்கும், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ விண்கலத்தின் கணிப்பொறிக்கும் அவை தேவைப்பட்டன. அப்பொழுது ஒரு சில்லின் சராசரி விலை 50 டாலர். 1968-இல் அது 2 டாலர் 33 சென்டாக இறங்கியது. விற்பனையில் படைத்துறையின் பங்கும் நூற்றுக்கு 37 ஆகக் குறைந்தது. மற்றவற்றையெல்லாம் சந்தை ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் அங்கே தொழிலதிபருக்கு நன்கொடை கொடுக்கவில்லை, ‘இவ்வளவு எடையில், இவ்வளவு நம்பகமாக இயங்கும் பொருள் வேண்டும், செய்து தருபவருக்கு விலை தருகிறேன்’ என்றது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஜினீவா நகரில் 23 நாடுகள், ‘காட்’ என்று பெயர் வழங்கிய சுங்கவரி, வாணிகப் பொது ஒப்பந்தத்தை முடித்தன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. இன்றைய உலக வர்த்தக அமைப்பு 1995-இல் தோன்றியபோதும் அந்த ஒப்பந்தத்தின் விதிகள் தொடர்ந்தன. அவற்றில் மூன்றாவது விதியை நம் வீட்டு வழக்கைக் கொண்டே விளக்கிவிடலாம்: பந்தியில் வஞ்சனை கூடாது. வாசலில் சுங்கம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சுங்கம் செலுத்தி உள்ளே வந்து பந்தியில் அமர்ந்துவிட்ட பிறகு, அயல்நாட்டுப் பொருளுக்கு ஒரு பரிமாறலும் உள்நாட்டுப் பொருளுக்கு வேறொரு பரிமாறலும் செய்தல் ஆகாது.

இந்த விதிக்கு ஒரு விலக்கும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது விதியின் எட்டாம் பிரிவு அது. அரசாங்கத் துறைகள் தம் காரியத்துக்காக வாங்கும் பொருள்களுக்குப் பந்தி நியாயம் பொருந்தாது என்கிறது அப்பிரிவு. ஆனால் அவ்வாறு வாங்கிய பொருள் வியாபாரத்துக்காக மறுபடி விற்கப்படலாகாது. விற்பனைச் சரக்கை உற்பத்தி செய்யவும் பயன்படலாகாது. இந்த விலக்கு ஏழை நாடுகளுக்காக இரங்கி எழுதப்பட்டதன்று. அமெரிக்காவிலேயே அமெரிக்கப் பொருளையே வாங்குக என்னும் சட்டம் 1933 முதல் நடைமுறையில் இருந்தது. தம் வீட்டு அடுக்களைக்கு வாங்குவதில் பிறர் தலையிடுவதைப் பெரிய நாடுகளும் விரும்பவில்லை.

பின்னர்ச் சில நாடுகள் கூடி, அரசாங்கக் கொள்முதலைத் தமக்குள் திறந்துவிட ஒரு தனி உடன்படிக்கை செய்துகொண்டன. 1979-இல் முதல் உருவம், 1994-இல் விரிந்தது, 2012-இல் திருத்தப்பெற்று 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கையொப்பமிட்டவர்களை மட்டுமே அது கட்டும். இந்தியா 2010 முதல் அதில் பார்வையாளராக அமர்ந்திருக்கிறதேயன்றி உறுப்பினர் ஆகவில்லை. ஆகவே எட்டாம் பிரிவின் விலக்கு நமக்கு முழுமையாகவே கிடைக்கும். அப்படியிருந்தும் தோற்றோம். எவ்வாறு என்று பார்ப்போம்.

2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது முதலில் குறித்த இலக்கு. 2015-இல் அது 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. திட்டத்தின் நோக்கம் மின்சாரம் மட்டுமன்று. சூரிய மின்கலங்களைச் செய்யும் தொழிலும் இந்நாட்டில் வேரூன்ற வேண்டும் என்பதும் ஆகும். வீட்டு மாடிகளில் நீலநிறப் பலகைகளாகக் காண்கிறோமே, அவற்றில் வரிசையாகப் பதித்த சிறு வில்லைகளே மின்கலங்கள். தனியார் கம்பெனிகள் நிலையம் அமைக்கும். அரசுசார் நிறுவனம் ஒன்று, 25 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் மின்சாரத்தை வாங்கி, மாநில மின்பகிர்வு நிறுவனங்களுக்கு விற்கும். இதுவே ஏற்பாடு. இதனோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. முதல் தொகுதியில், படிகச் சிலிக்கன் பலகைகளைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் பூட்டியவற்றையே பயன்படுத்த வேண்டும். இரண்டாம் தொகுதியில் பலகையோடு மின்கலமும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். பின்னர் வந்த இரண்டாங் கட்டத்தில், ஏலத்திற்கு வந்த 750 மெகாவாட்டில் பாதியான 375 மெகாவாட்டுக்கு மட்டும் அந்த நிபந்தனை வைக்கப்பட்டது.

2013 பிப்ரவரியில் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 2016 பிப்ரவரியில் விசாரணைக் குழுவும், அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன.

தீர்ப்பின் மையம் மிக எளியது. அரசாங்கம் வாங்கியது எது? மின்சாரம். பாகுபாட்டுக்கு உள்ளானது எது? மின்கலம். விலக்குக் கிடைக்க வேண்டுமானால், வாங்கிய பொருளும் பாகுபாட்டுக்கு உள்ளான பொருளும் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் பண்டங்களாக இருத்தல் வேண்டும். ஒரு மாணவர் விடுதிக்கு நாள்தோறும் இட்லி வாங்கும் காப்பாளர், ‘மாவரைக்கும் இயந்திரம் எங்கள் ஊரில் செய்ததாக இருக்க வேண்டும்’ என்று உணவுக்கடைக்காரரிடம் நிபந்தனை போட்டால், அவர் வாங்கியது இட்லியா, இயந்திரமா? இட்லிதான். இயந்திரத்தை வாங்கியவர் கடைக்காரர். மின்கலமின்றிச் சூரிய மின்சாரம் இல்லை, ஆகவே மின்சாரத்தை வாங்குவது மின்கலத்தை வாங்குவதற்கு ஒப்பாகும் என்று இந்தியா வாதாடிப் பார்த்தது. மன்றம் ஏற்கவில்லை. 2013 மே மாதத்தில் கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்து மின்சாரக் கொள்முதலை எதிர்த்து ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடுத்த வழக்கில் இதே நியாயம் முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்தது. பணக்கார நாடாகிய கனடாவுக்கு விழுந்த அடியே நமக்கும் விழுந்தது என்பதால், ஏழை நாட்டுக்கு ஓரவஞ்சனை நடந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியா வேறொரு வாதத்தையும் வைத்தது. உள்நாட்டில் மின்கலங்கள் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. தட்டுப்பாடான பொருளைத் தேடிக்கொள்ள நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்கு ஒப்பந்தம் இடமளிக்கிறதல்லவா என்றது. தட்டுப்பாடு என்றால் எங்கிருந்தும் கிடைக்காமையே. உள்நாட்டில் செய்யப்படாமை தட்டுப்பாடு ஆகாது. இறக்குமதியாகக் கிடைக்கிறதே என்று மன்றம் விடையளித்தது. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் இது நேரான விடைதான். ஆயினும் என் உள்ளத்தில் இது சற்று உறுத்துகிறது. ஒரு பொருள் கடைத்தெருவில் கிடைப்பதும், அதைச் செய்யும் கைத்திறன் நம்மிடம் இருப்பதும் ஒன்றா? விடைத்தாளை விலைக்கு வாங்கியவன் பாடம் படித்தவன் ஆகிவிடுவானா? வாணிகச் சட்டம் பண்டத்தைக் காண்கிறது, கல்வியைக் காண்பதில்லை. காணும்படி எழுதப்படவும் இல்லை.

அது நிற்க, நாம் வைத்த நிபந்தனைதான் கருதிய பயனைத் தந்ததா என்றும் கேட்க வேண்டும். இங்கே நம் சட்டப்பூட்டில் இருந்த ஓட்டையைக் கவனியுங்கள். நிபந்தனை படிகச் சிலிக்கனுக்கு மட்டுமே. கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் வேறொரு வகைக்கு முதற்கட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க ஏற்றுமதி வங்கி தரும் மலிவான கடனோடு அந்நாட்டு மென்படலப் பலகைகள் வந்தன. நிலையம் அமைத்தவர்கள் பலர் அவற்றையே நாடினர். ஆக, உள்நாட்டுத் தொழிலுக்கென்று போட்ட வேலி, வெளிநாட்டுச் சரக்கின் வேறொரு வகைக்கு வழியாயிற்று. வழக்கில் தோற்றதைவிட இதுவே எனக்குப் பெரிய தோல்வியாகத் தோன்றுகிறது.

வழக்கின் பிற்பகுதி சுவையானது. அமெரிக்க மாநிலங்களிலும் உள்ளூர்ப் பொருளுக்கு ஊக்கத்தொகை தருகிறார்களே என்று 2016 செப்டம்பரில் இந்தியா எதிர்வழக்குத் தொடுத்தது. வாஷிங்டன், கலிபோர்னியா முதலிய எட்டு மாநிலங்களின் நடவடிக்கைகள் விதிக்கு மாறானவை என்று 2019 ஜூனில் விசாரணைக் குழு கூறியது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால் அதைக் கேட்க ஆளில்லை! மேல்முறையீட்டு மன்றத்துக்குப் புதிய உறுப்பினரை நியமிக்க அமெரிக்காவே தொடர்ந்து தடை சொல்லிவந்தமையால், 2019 டிசம்பரில் மன்றம் செயலற்றுப் போயிற்று. இறுதியில் 2023-இல் இரு நாடுகளும் பேசி, இந்த இரண்டையும் உள்ளிட்ட ஆறு வழக்குகளை முடித்துக்கொண்டன.

தீர்ப்பிலிருந்து நம் அதிகாரிகள் நன்றாகவே பாடம் கற்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் 12,000 மெகாவாட்டுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. இதில் நிலையத்தை அமைப்பவையே அரசு நிறுவனங்கள். மின்கலத்தையும் பலகையையும் அவையே வாங்குகின்றன. உற்பத்தியாகும் மின்சாரமும் அரசு நிறுவனங்களின் பயனுக்கே. அங்கே உள்நாட்டு மின்கலம் கட்டாயம். வாங்குபவரும் அரசாங்கம், வாங்கும் பொருளும் மின்கலம், பயன்படுத்துபவரும் அரசாங்கம். நம் காப்பாளர் இப்பொழுது விடுதிக்கென்று மாவரைக்கும் இயந்திரத்தையே வாங்கிவிட்டார்.

சட்டத்தால் அன்றி அழுத்தத்தால் ஒரு நாடு பின்வாங்கியதும் உண்டு. 2009 நவம்பரில் சீன அரசாங்கம், சொந்தப் புத்தாக்கப் பொருள்கள் என்று ஒரு பட்டியல் வகுக்க முனைந்தது. அதில் இடம்பெற்ற பொருள்களுக்கு அரசுக் கொள்முதலில் முதலிடம். பட்டியலில் சேர, கண்டுபிடிப்பின் உரிமை சீனருடையதாக இருக்க வேண்டும். வணிகச் சின்னமும் முதலில் சீனாவில் பதிவானதாக இருக்க வேண்டும். சீனா அந்தக் கொள்முதல் உடன்படிக்கையில் சேர்ந்திராத நாடு; எட்டாம் பிரிவின் விலக்கு அதற்கும் உண்டு. ஆயினும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் எழுப்பிய எதிர்ப்பினால், 2011 ஜனவரியில் வாஷிங்டன் சென்ற அதிபர் ஹூ ஜின்டாவ், புத்தாக்கக் கொள்கையையும் கொள்முதல் சலுகையையும் பிணைப்பதில்லை என்று உறுதியளித்தார். அவ்வாண்டு ஜூலையில் மத்திய அளவிலான விதிகள் சில நீக்கப்பட்டன. உரிமை இருந்தும் அதைச் செலுத்த முடியாத நிலை வாணிகத்தில் உண்டு. ஏற்றுமதியை நம்பி வாழ்கிறவர் வாடிக்கைக்காரரின் முகக்குறிப்பையும் பார்க்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் 2017 ஜூன் 15-ஆம் நாள் உள்நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை தரும் ஆணை பிறந்தது. அதன் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பொருளின் மதிப்பில் பாதிக்குக் குறையாமல் உள்நாட்டில் உண்டாகியிருந்தால் அதை விற்பவர் முதல் வகுப்பு உள்நாட்டு வழங்குநர். அயலார் ஒருவர் 100 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை குறித்து, நம்மவர் 118 குறித்திருந்தாலும், வேறுபாடு நூற்றுக்கு 20-ஐத் தாண்டாமையால், அந்த 100 ரூபாய்க்கே தர நம்மவருக்கு வாய்ப்பு அளிக்கப்படும். இசைந்தால் ஆணை அவருக்கு. சில பொருள்களில் பாதி அளவுக்கு. வரி செலுத்துவோருக்கு இதனால் கூடுதல் செலவில்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் அது அளப்பது எதை? எவ்வளவு ரூபாய் இங்கே சேர்ந்தது என்பதை அளக்கிறது. எவ்வளவு அறிவு இங்கே சேர்ந்தது என்பதை அன்று. மின்கலத்தை அயலிலிருந்து தருவித்து, கண்ணாடியும் சட்டமும் போட்டுப் பூட்டுகிறவரும் கணக்கில் உயர்ந்துவிடக்கூடும். சீனர் உரிமைப் பத்திரத்தை அளந்தனர். நாம் செலவுக் கணக்கை அளக்கிறோம். சில்லு வாங்கிய அமெரிக்கப் படைத்துறையோ, பொருள் என்ன செய்யவேண்டும் என்பதை அளந்தது. மூன்றில் கடைசி வழியே சிறந்தது என்பது என் துணிபு. அதற்குச் சட்டத்தடையும் குறைவு. மேலே சொன்ன கொள்முதல் உடன்படிக்கையே, பொருளின் வடிவத்தைவிடச் செயல்திறனைக் குறித்து ஒப்பந்தப்புள்ளி கேட்கும்படி அறிவுறுத்துகிறது. ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்த முதல் மாதிரியைப் போட்டியின்றி வாங்கவும் இடம் தருகிறது.

இந்த உரிமைகள் என்றென்றும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு எமிரேட்டுகளுடனான உடன்பாட்டில் அரசாங்கக் கொள்முதலுக்கென ஓர் அத்தியாயத்தை இந்தியா ஏற்றது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையொப்பமான உடன்பாட்டில், மத்திய அரசின் ஒப்பந்தப்புள்ளிகளில் பலவற்றை அந்நாட்டவருக்குத் திறந்துவிட இசைந்தது. ஜினீவாவில் 1947-இல் விட்டுவைத்த கதவை, நாமே ஒவ்வொரு நாட்டுக்கும் சிறிது சிறிதாகத் திறந்துவருகிறோம். நம்மவரும் அங்கே சென்று விற்கலாம் என்பது இதற்கு மாற்று.

அந்தத் தராசுக்காரரைப் போன்றோருக்கு இவற்றால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். 2012-ஆம் ஆண்டு ஆணையின்படி மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் ஒரு பங்கைச் சிறு, குறுந்தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். முதலில் நூற்றுக்கு 20 ஆக இருந்த அப்பங்கு பின்னர் 25 ஆயிற்று. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு முன்னனுபவச் சான்றும் முந்தைய விற்றுமுதலும் கேட்பதைத் தளர்த்தலாம் என்று 2016 முதல் நிதியமைச்சகம் வழிவகுத்தது. 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலும் அது இடம்பெற்றது. தரமும் தொழில்நுட்பத் தகுதியும் குறையாதிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஆனால் விதியின் வாசகம் ‘தளர்த்தலாம்’ என்று இருக்கிறது. ‘தளர்த்த வேண்டும்’ என்று இல்லை. தளர்த்திக் கையெழுத்திடுகிற அதிகாரியின் மேசைக்குத்தான் நாளை தணிக்கைக்காரர் வருவார். தளர்த்தாமல் விட்டவரிடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை.